நோம்பிக்குக் கழற்றிய கண்ணாடி

அத்தியாயம் 14

பொங்கலுக்கு முந்தின நாளான காப்புக்கட்டு அன்று சென்னம்மாள் வீட்டை வெள்ளையடித்து முடித்து, வாசல் நிலையில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் செருகிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அப்படி நிம்மதியாக உட்கார அவளுக்கு நியாயமே இல்லை என்பது பொங்கல் கழிந்த திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குத்தான் வெளியே வந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. வேலம்பாளையம் வாரியக் குடியிருப்பு, சி பிளாக், இரண்டாம் மாடி, பதினோராம் நம்பர் வீடு. சென்னம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகன் பூபாலன், இதே குடியிருப்பைப் பழுதுபார்க்கும் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். மகள் கீதாஞ்சலி ஓர் எக்ஸ்போர்ட் ஆபீஸில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்காரர் கருப்புசாமி துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். லூதியானாவில் இருக்கிறார். அதாவது, லூதியானாவில் இருக்கிறார் என்று சென்னம்மாள் சொல்கிறாள். எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஊர் மாநகராட்சி ஆன கையோடு இந்தக் குடியிருப்புக்கும் நல்ல காலம் வந்தது. முதலில் சமுதாயக் கூடத்தில் கை வைத்தார்கள். பேர்தான் சமுதாயக் கூடமே தவிர, பத்து வருடமாக அங்கே குடியிருந்தது ஏதோ ஒரு கம்பெனியின் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள். மூட்டைகளை விரட்டி, கூரையை மாற்றி, வரிசையாகக் கக்கூஸ் கட்டி, பிளைவுட் தடுப்பு வைத்துப் பன்னிரண்டு அறைகளாக்கினார்கள். ஒரு பிளாக் வேலை நடக்கிறபோது அதிலுள்ள பன்னிரண்டு குடும்பமும் கூடத்தில் தங்க வேண்டும், வேலை முடிந்ததும் வீடு திரும்ப வேண்டும். ஏ பிளாக்கும் பி பிளாக்கும் அப்படிப் போய்த் திரும்பிவிட்டன.

சி பிளாக்குக்கு என்ன வைத்தியம் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

காங்கேயத்தில் இன்னொரு வேலையிடத்தில் பொங்கல் முழுக்கக் காவலுக்குக் கிடந்துவிட்டு, முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய பூபாலன், பையைக்கூட இறக்காமல் படுக்கையறைச் சுவரைப் பார்த்தபடி நின்றான். சுவர் பளிச்சென்று இருந்தது.

"அம்மா, இங்கிருந்த கண்ணாடி எங்க?"

"மொதல்ல காலக் கழுவீட்டு வா கண்ணு. காப்பி வெக்கறேன்."

"கண்ணாடி எங்கம்மா?"

"அதா? பொங்க நோம்பிக்குக் கழட்டிப் போட்டுட்டேன்."

"தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான போனாங்க?"

"சொன்னாங்க. அதுக்கு? அது ரெண்டாப் பொளந்து கெடந்துச்சு. நோம்பி நாள்ல ஒடஞ்ச கண்ணாடிய ஊட்டுக்குள்ள வெச்சிருப்பாங்களா? கிழிஞ்ச பாயி, பழைய மொறம், அதோட சேத்துக் குப்பையில போட்டாச்சு."

பூபாலன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அது ஒடையுதான்னு பாக்கத்தாம்மா ஒட்டுனதே."

இது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் விளக்க வேண்டும். படிக்கட்டை ஒட்டிய சுவரில், முதல் மாடி ஏழாம் நம்பரில் தொடங்கி இரண்டாம் மாடி பதினோராம் நம்பர் வரை ஒரு விரிசல் ஓடுகிறது. விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எஞ்சினியர் ஞானசம்பந்தம், விரல் நீளக் கண்ணாடித் துண்டுகளை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி, தேதி எழுதி ஒட்டச் சொல்லியிருந்தார். ஒட்டியவன் பூபாலன். மார்கழி ஒன்றாம் தேதி. சுவர் நகராமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். நகர்ந்தால் உடையும். உடைந்தால் பிளாக்கைக் காலி செய்து, அஸ்திவாரத்திலிருந்து அந்தச் சுவரைத் திரும்ப எடுக்க வேண்டும். உடையாவிட்டால் பெயிண்ட் மட்டும்.

எஞ்சினியர் வீட்டுக்காரர்களிடம் தொடாதீர்கள் என்று சொன்னாரே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

"சரி, கீழ ஏழுல ஒண்ணு இருக்குதல்ல? அது போதும்" என்றான் பூபாலன்.

சென்னம்மாள் காப்பித் தம்ளரைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த தம்ளர்.

"அம்மா?"

"பாண்டியம்மா சாவியக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டா. மிச்சச் சுண்ணாம்பு இருந்துச்சு. பாவம், ரெண்டு குஞ்சுகள வெச்சுக்கிட்டு ஷிப்டுக்குப் போறவளுக்கு வெள்ளையடிக்க நேரம் ஏது? அவ ஊட்டுக்கும் ஒரு கை அடிச்சு உட்டேன்."

"அந்தக் கண்ணாடி?"

"அதும் ஒடஞ்சுதான் இருந்துச்சு."

குளித்துத் தலை துவட்டிக்கொண்டே வந்த கீதாஞ்சலி கதவருகே நின்றுவிட்டாள். கீழே தண்ணீர்க் குழாயில் குடம் நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எஞ்சினியர் பத்து மணிக்கு வர்றார். ரெண்டு செவுத்துலயும் கண்ணாடி இல்ல, விரிசலே தெரியல. அசைவு இல்லன்னு எழுதீட்டுப் போயிருவார்" என்றான் பூபாலன். "கண்ணாடிக்குப் பொறுப்பு நானு. சொந்த ஊட்டுக் கண்ணாடியவே பாத்துக்க முடியாதவன் சைட்டப் பாத்துக்குவானான்னு மொதலாளி கேப்பார்."

"உள்ளதச் சொல்லீர்றதுதான?" என்றாள் கீதாஞ்சலி.

"உனக்குச் சுலபம். வேலைக்குச் சேந்து ரெண்டு மாசம் ஆகல எனக்கு." அவன் எழுந்து பையை மூலையில் எறிந்தான். "கண்ணாடிக் கடையில ரெண்டு துண்டு வெட்டிட்டு வாரேன். ஒடச்சு, மார்கழி ஒண்ணுன்னு தேதி போட்டு ஒட்டீட்டாப் போதும். ஒடஞ்சது ஒடஞ்சதுதான? பொய் ஒண்ணும் இல்லயே."

"நீ ஒடச்சு ஒட்டறது எப்படிண்ணா நெசமாகும்?"

பூபாலன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். காப்பி ஆறியது.

கீதாஞ்சலி ஆபீசுக்கு போன் போட்டு மத்தியானம் வரைக்கும் பர்மிஷன் கேட்டாள். பிறகு சுவருக்குப் பக்கத்தில் போய் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. விரிசல் இருந்த இடத்தில் மட்டும் ஒட்டவில்லை. கெட்டியாக, வழுவழுவென்று இருந்தது.

"அம்மா, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு போதும். ஒயிட் சிமெண்ட் வாங்கி எதுக்கு அடச்சே?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சு."

"நாலு வருசமா அசிங்கமாத்தான இருந்துச்சு?"

சென்னம்மாள் துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிக்கிறவள். அந்தக் கண்ணை மகளுக்கும் கொடுத்துவிட்டாள் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

"ஏ பிளாக்குல ஆறாம் நம்பர் பொன்னாத்தாளத் தெரியுமல்ல?" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "நாலு மாசம் கூடத்துல கெடந்து திரும்பி வந்தப்ப அவளுக்குச் சாவி குடுக்கல. காகிதம் யாரு பேர்ல இருக்குதோ அவங்கதான் நேர்ல வந்து கையெழுத்துப் போடோணும்னுட்டாங்க. அவ ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரியில. கால்ல கட்டோட ஆட்டோவுல தூக்கி வந்து கையெழுத்து வாங்குனா. நானே பாத்தேன்."

"அதனால?"

"அதனாலயா? இந்த ஊட்டுக் காகிதத்துல யாரு பேரு இருக்குது? உங்கப்பன எந்த ஆஸ்பத்திரியில இருந்து நான் ஆட்டோவுல தூக்கியாறது?"

அப்பா லூதியானாவில் இல்லை என்பது கீதாஞ்சலிக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். தெரியும் என்பதை அம்மாவிடம் சொன்னதில்லை. அந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நெசமாலுமே நோம்பிக்குத்தான் கழட்டுனேன் கண்ணு. ஒடஞ்ச கண்ணாடி ஆகாதுன்னுதான்" என்றாள் சென்னம்மாள். "கையில எடுத்தப்பறம்தான் தோணுச்சு. இது ஒடஞ்சா நம்மளக் காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு. அப்பறந்தான் சிமெண்ட் வாங்கியாந்தேன். கீழ போயும் அடச்சேன். இந்த ஊட்ட உட்டு ஒருக்கா எறங்கீட்டா திரும்ப ஏற முடியாதுன்னு பயந்துட்டேன். உங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு எங்க போவேன்?"

"செவுரு உளுந்தா?"

"இருவது வருசமா நிக்குதல்ல? கட்டில இந்தப் பக்கமாத் தள்ளிப் போட்டுக்கலாம்."

கட்டிலைத் தள்ளிப் போட்டால் சுவர் அடங்கிவிடும் என்று சென்னம்மாளே நம்பவில்லை. ஆனாலும் சொன்னாள். பயந்தவர்கள் சொல்வது எதையும் நாம் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது.

எட்டரை மணிக்குக் கீழே ஆட்டோ நின்றது. ஊருக்குப் போன தெற்கத்திக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பும் நாள் அது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் வந்த பாண்டியம்மாள், ஒரு கையில் பையும் இடுப்பில் தூங்குகிற சின்னவனுமாக ஏறி வந்தாள். பெரியவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

கதவைத் திறந்த மறு நிமிடம் சத்தம் மேலே கேட்டது.

"யக்கா! சென்னம்மாக்கா! கீழ வாங்களேன்!"

சென்னம்மாள் இறங்கிப் போனாள். கீதாஞ்சலியும் பின்னாலேயே போனாள்.

பாண்டியம்மாள் நடுவீட்டில் நின்று நாலு சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"என்னக்கா இது? சாவியக் குடுத்துட்டுப் போனா வீட்டையே புதுசாக்கி வச்சிருக்கீக? எங்கூடப் பொறந்தவ செய்ய மாட்டாக்கா இதை. எங்க வீட்டுக்காரருக்கு லீவு முடியல, ரெண்டு நா கழிச்சு வாரேன்னுட்டாரு. வந்து பாத்தா நம்ம வீடுதானான்னு கேப்பாரு பாருங்க."

"அதுக்கென்ன பாண்டியம்மா. சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சு."

"இந்தாங்க, பனங்கெழங்கு. எங்காத்தா வேக வச்சுக் குடுத்துச்சு. அம்புட்டும் உங்களுக்குத்தான்."

கிழங்குக் கட்டைச் சென்னம்மாளின் கையில் திணித்துவிட்டு, பாண்டியம்மாள் பாயை உதறினாள். படுக்கையறையில், வெள்ளைச் சுவரை ஒட்டி விரித்தாள். இடுப்பிலிருந்த சின்னவனை அதில் கிடத்தினாள். அவன் புரண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலைத் தூக்கிச் சுவர் மேல் போட்டுக்கொண்டான்.

"ராத்திரி பூரா கண்ணே மூடல, ஆட்டோவுலதான் தூங்குனான். இனி மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க மாட்டான்" என்றாள் பாண்டியம்மாள்.

சென்னம்மாள் பையனைப் பார்த்தாள். பிறகு அவன் காலுக்கு ஒரு சாண் மேலே, சுவரைப் பார்த்தாள்.

ஆறு நாளைக்கு முன்னால் அவள் தன் கையால் அடைத்து, தேய்த்து, வெள்ளையடித்த இடம். அதில் ஒரு கோடு ஓடியது. தலைமுடி கனம்கூட இருக்காது. வேறு யார் பார்த்தாலும் தெரியாது. ஒரு நாளைக்கு ஐந்நூறு பனியன்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஒற்றை நூல் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற சென்னம்மாளுக்குத் தெரிந்தது. அந்தக் கோடு அங்கிருந்து மேலே போய்க் கூரையில் முட்டியது. ஆறே நாளில் சுவர் திரும்பவும் வாயைத் திறந்திருந்தது.

நோம்பிக்குக் கழற்றினேன், பயந்து அடைத்தேன் என்று மகளிடம் சொன்ன நியாயமெல்லாம் அந்தப் பிள்ளையின் கால் முன்னால் நிற்கவில்லை. தன் வீட்டை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் இன்னொருத்தியின் பிள்ளையைச் சுவருக்கு அடியில் படுக்க வைத்துவிட்டோம் என்று தன்னையே வெறுத்தாள்.

"பாண்டியம்மா, பையனத் தூக்கு."

"ஏங்க்கா?"

"தூக்குன்னு சொல்றேன்ல! பாய அந்தக் கடைசியில போடு."

சென்னம்மாள் இப்படி அதட்டிப் பாண்டியம்மாள் கேட்டதேயில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

சென்னம்மாள் படியேறி மேலே போய், தன் கம்பெனிப் பையைக் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ், சின்னக் கத்தரி, ஒரு சீப்பு, கடைசியாக அந்தச் சுருள். செக்கிங் பெண்கள் எல்லோர் பையிலும் இருக்கிற சுருள்தான். நகக்கண் அளவில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள். பனியனில் எங்கே டேமேஜ் இருக்கிறதோ அங்கே அம்பின் முனை தொடுகிற மாதிரி ஒட்டிவிட்டால், அடுத்து எடுப்பவருக்கு வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் தன் வீட்டுச் சுவரிலிருந்து ஆரம்பித்தாள். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, கோட்டைப் பிடித்தாள். ஒரு சாணுக்கு ஒன்று. பிறகு கீழே ஏழாம் நம்பர். அதற்கப்புறம் வெளியே படிக்கட்டு. அங்கே சுண்ணாம்புக்கு அடியில் இன்னொரு கோடு, இதுவரை ஒருவரும் பார்க்காதது, தரைத்தளத்தை நோக்கி இறங்கியது. அதற்கும் ஒட்டினாள்.

"அம்மா, என்ன பண்றே?" என்றாள் கீதாஞ்சலி.

"செக்கிங் பண்றேன்."

பாண்டியம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அவளிடம் சென்னம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, சிமெண்ட், பயம், எதையும் விடவில்லை. திரும்பிப் பார்க்காமல், ஸ்டிக்கரை உரித்து ஒட்டிக்கொண்டே சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்பதுதான் காரணம்.

பாண்டியம்மாள் தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவினாள். பிறகு, "எம்புள்ளைக இங்கதானக்கா படுக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சென்னம்மாளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பத்து மணிக்கு எஞ்சினியர் ஞானசம்பந்தம் ஸ்கூட்டரில் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சட்டைப்பையில் மூன்று பேனா, கையில் ஒரு நோட்டு. அவருக்கு இரண்டு நிமிடம் முன்னால்தான் பூபாலன் வந்து சேர்ந்திருந்தான். சட்டைப்பையில் செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடித் துண்டுகள். ஒட்ட நேரம் கிடைக்கவில்லை.

படிக்கட்டில் கால் வைத்த எஞ்சினியர் நின்றார். கீழிருந்து மேலே வரை, வெள்ளைச் சுவரில் சிவப்பு அம்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

"யார் ஒட்டினது இது?"

"நானுங்க" என்றாள் சென்னம்மாள்.

"கண்ணாடி எங்கம்மா?"

"நாந்தானுங்க கழட்டுனேன். ரெண்டும் ஒடஞ்சிருந்துச்சுங்க. நோம்பிக்கு ஒடஞ்ச கண்ணாடி ஆகாதுன்னு கழட்டுனேன். அப்பறம் காலி பண்ணச் சொல்லீருவீங்கன்னு பயந்து விரிசல அடச்சும் போட்டேன். என்ற பையனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அவன் இன்னிக்குக் காலையிலதான் ஊருல இருந்து வந்தான்."

ஞானசம்பந்தம் ஒவ்வொரு அம்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே ஏறினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். மெல்லிய தகடு ஒன்றை எடுத்துக் கோட்டில் செருகினார். அது உள்ளே போனது.

"இந்த அடைப்பு என்னைக்குப் போட்டது?"

"போன செவ்வாக்கெழமைங்க."

"ஆறு நாள்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டு எழுதினார். பிறகு படிக்கட்டில் இறங்கிப் புதிய கோட்டின் முன்னால் உட்கார்ந்தார். "இதை நான் போன தடவை பார்க்கவே இல்லையே. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"பாத்துட்டு உடற வேலையில்லீங்களே என்ற வேலை."

பூபாலன் ஓர் அடி முன்னால் வந்தான். சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

"சார், நான் புதுசா ரெண்டு வெட்டிட்டு வந்தேனுங்க. ஒடச்சு, பழைய தேதி போட்டு ஒட்டலாம்னு." அவன் காது மடல் சிவந்திருந்தது.

எஞ்சினியர் அவனையும் துண்டுகளையும் பார்த்தார்.

"உடைக்காம, இன்னைக்குத் தேதி போட்டு ஒட்டுங்க. ஒண்ணு இங்க, படிக்கட்டில. கான்ட்ராக்டர்கிட்ட இதை நீங்களே சொல்லிடுங்க, நான் சொல்ற மாதிரி வச்சுக்காதீங்க." நோட்டை மூடினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சி பிளாக் காலியாகணும். இந்த வரிசையில இருக்கிற ஆறு வீடு இன்னைக்கே. இன்னைக்கு ராத்திரி இங்க யாரும் படுக்கக் கூடாது. கூடத்தில் போய்ப் பெயர் கொடுத்துடுங்க."

மொத்தமே இவ்வளவுதான். திட்டு விழும் என்று காத்திருந்த சென்னம்மாளுக்குத் திட்டே விழாதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதினோரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் வரிசை நின்றது. பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. தடுப்புகளுக்கு நடுவே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தவசி. கூடத்துப் பொறுப்புக்குப் போன மாதம்தான் வந்தவர், குடியிருப்பில் யார் யார் என்று இன்னும் பிடிபடாதவர்.

சென்னம்மாள் பிளாஸ்டிக் கவரில் இருந்த ஒதுக்கீட்டுக் கடிதத்தை நெஞ்சோடு பிடித்திருந்தாள். பக்கத்தில் கீதாஞ்சலி. முன்னால் பாண்டியம்மாள் நின்றாள். முறை வந்ததும் பெயரைக் கொடுத்துவிட்டு நகர்ந்தவள், போகிற போக்கில் திரும்பி, "யக்கா, எட்டாம் நம்பர் ரூம் எங்களுக்கு. ஒம்பதக் கேட்டு வாங்குங்க, பக்கத்துல இருக்கலாம்" என்றாள். சென்னம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சி பதினொண்ணு. கருப்புசாமி" என்று தவசி கடிதத்தைப் படித்தார். "அவரு வரலீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் எட்டு வருடமாக ஒரு பதில் தயாராக இருந்தது. ரேஷன் கடைக்கும் அதே பதில், உறம்பரைச் சொந்தங்களுக்கும் அதே பதில், கம்பெனிக்கும் அதே பதில். பின்னால் நாலு வீட்டுக்காரர்கள் நின்றார்கள். எல்லோரும் அந்தப் பதிலைக் கேட்டவர்கள்தான்.

"அவரு லூதியானாவுல இல்லீங்க" என்றாள் சென்னம்மாள்.

"என்னதுங்க?"

"எட்டு வருசத்துக்கு முந்தி ஊட்ட உட்டுப் போனவருங்க. எங்க இருக்காருன்னு தெரியாது. உசுரோட இருக்காரான்னும் தெரியாது. லூதியானான்னு நானாத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என்ற பேரை எழுதுங்க. சென்னம்மாள். அந்த ஊட்டுல இருக்கறது நானும் என்ற பிள்ளைகளும்தான்."

கீதாஞ்சலி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சென்னம்மாளுக்கு மனசு லேசாகிவிட்டது. இவ்வளவுதானா, இதைச் சொல்லவா இத்தனை வருடம் என்று இருந்தது.

தவசி பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"தெரியாதுங்கறீங்க?"

"தெரியாதுங்க."

"இல்லீங்க, நோம்பிக்கு முந்தின சனிக்கெழம இங்க பேப்பர் சரிபாக்கற கேம்ப் நடந்துச்சல்லீங்க? அன்னைக்குச் சாயங்காலம் ஒருத்தர் வந்தாருங்க. சி பதினொண்ணு எம்பேர்ல இருக்குது, ஒதுக்கீட்டுக் கடிதம் தொலஞ்சு போச்சு, நகல் வேணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு." அவர் ஃபைலைப் புரட்டினார். "நீங்க அனுப்பிச்சுதான் வந்தாருன்னு நெனச்சேன்."

காகிதம் மேசைக்கு வந்தது.

சென்னம்மாள் எழுத்தைப் படிக்கவில்லை. கையெழுத்தைத்தான் பார்த்தாள். பெயருக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. கட்டிங் டேபிளில் துணி அடுக்கு மேல் சாக்பீஸில் கருப்புசாமி போடுகிற அதே கோடு, அதே புள்ளி.

"அம்மா, இதுல அட்ரஸ் இருக்குது" என்றாள் கீதாஞ்சலி. "சிலை செதுக்கற பட்டறைக்கு எதுத்தாப்ல. திருமுருகன்பூண்டி."

"எங்க?"

"பூண்டிம்மா."

சென்னம்மாள் ஒதுக்கீட்டுக் கடிதத்தைப் பிளாஸ்டிக் கவருக்குள் திரும்ப வைத்தாள். ஓரத்தை மடித்தாள். ரயிலில் மூன்று நாள் போக வேண்டிய ஊரில் இருக்கிறார் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள்.

"இங்கிருந்து பஸ்ஸுல மூணு ரூவா டிக்கெட்டுத்தான கண்ணு" என்றாள்.